அறுபத்தோராம் பெட்டி

போஃபோர்ட் வெஸ்ட்டில்
லாரி டயருக்கு ஒட்டுப் போடும் கடைக்குப் பின்னால்
ஒரு தகரக் கொட்டகை.
உள்ளே நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள்.
துளையிட்டு உருவிய கல்
மேலிருந்து கீழாக, எண் போட்டுப் படுத்திருக்கிறது.
நான் அதை மதிப்பிட வந்தவள்.

மதிப்பிடுவது என்றால், முதலில் நக்குவேன்.
சிரிக்காதீர்கள்.
நாக்கில் ஒட்டினால் களி.
பல்லில் நறநறத்தால் படிகம்.
களி மிகுந்த கல், தண்ணீர் பட்டதும் வீங்கித்
திறந்த வாயையும் மூடிக்கொள்ளும்.
படிகம் மிகுந்தது அப்பளம்.
எங்களுக்கு அப்பளம்தான் வேண்டும்:
அழுத்தினால் நாலா பக்கமும் விரிய வேண்டும்,
விரிந்த இடத்தில் மணல் போய்
முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும்.

முப்பது முதல் நாற்பது வரை டோலரைட்.
எந்தக் காலத்திலோ உருகி வந்து நுழைந்து
ஒட்டியிருந்த கல்லையெல்லாம் அடிப்பிடிக்க வைத்திருக்கிறது.
சுரண்டிப் பார்த்தேன். வாயு எப்போதோ போய்விட்டது.
"பயனில்லை" என்று எழுதிப் பக்கம் திருப்பினேன்.

அறுபத்தொன்று அப்படியில்லை.
கன்னங்கரேல். சுத்தியல் பட்டால்
பெட்ரோல் பங்க் வாசம்.
நூற்றில் நான்கு பங்கு வெற்றிடம்,
அந்த நான்கிலும் வாயு,
ஆனால் அறைக்கு அறை கதவு வைக்கவில்லை.
ஒரு முனையில் ஹீலியத்தை அழுத்தி நிறுத்திவிட்டு
மறுமுனையில் முள் அசையக் காத்திருக்கிறேன்
நேற்றிரவு ஏழு மணியிலிருந்து.

கண்ணுக்கும் மனசுக்கும் பானைக்கும்
தமிழில் கசிவு என்று ஒரே சொல்தான்.
இந்தக் கல்லின் கசிவை எழுத
புள்ளிக்குப் பின் எத்தனை பூஜ்ஜியம் என்று
எண்ணி, தப்பி, மறுபடி எண்ணுகிறேன்.
கல்லில் நார் உரிக்கிறவர் என்று
சாட்ஸ்வொர்த்தில் ஒரு கடைக்காரரைச் சொல்வோம்,
சில்லறை பாக்கி தரவே மாட்டார்.
அந்த வேலைக்கு இப்போது எனக்குச் சம்பளம்,
மருத்துவக் காப்பீட்டோடு.

டாவிட் பிளாட்ஜீஸ் பெட்டி தூக்க வருபவர்.
"இதை உடைக்க எவ்வளவு தண்ணீர், மிஸ்?"
ஒரு கிணற்றுக்கு ஒன்றரைக் கோடி லிட்டர் என்றேன்.
அவருடைய பக்கி வண்டியில் ஆயிரம் லிட்டர் தொட்டி.
வாய்க்குள் கணக்குப் போட்டார்.
"பதினைந்தாயிரம் நடை.
அணை வற்றிய வருஷம் நாளைக்கு ரெண்டு நடை ஓட்டினேன்.
அப்படி ஓட்டினால் இருபது வருஷம்,
ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து."
கோபமில்லை அவர் குரலில்.
அடுத்த பெட்டியை இறக்கி, மூடியைத் துடைத்தார்.

அவர் துடைத்த இடத்தில்தான் பார்த்தேன்.
மயிரிழை வெள்ளைக் கோடு, செங்குத்தாக.
லென்ஸ் வைத்தேன்:
சுண்ணம் அடைத்திருக்கிறது, ஆனால் முழுதாக அடையவில்லை.
ஐம்பத்தெட்டில் மறுபடி. ஐம்பத்திரண்டில்.
நாற்பத்து நான்கில், டோலரைட்டின் அடிவயிறு வரை.
அந்தக் கல்லின் ஓரம் பிடித்துத்தான்
இந்தப் பக்கத்துப் பண்ணைகள் கிணறு தோண்டுகின்றன,
இதைவிட வெகு மேலே. வெகு மேலேதான்.
நடுவில் என்ன இருக்கிறதென்று
என் பெட்டிகளுக்குத் தெரியாது.

சான்ட்டனிலிருந்து எங்கல்பிரெக்ட் பேசினார்.
"லோஷினி, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு எண்.
ஒரே எண் போதும்."
கோட்டைப் பற்றிச் சொன்னேன்.
"பின்னிணைப்பில் போடு."

விடியற்காலை நாலு இருபதுக்கு
முள் ஒரு கோடு நகர்ந்தது.
கசிகிறது.
எண்ணை எழுதினேன்.
வெள்ளைக் கோட்டை முதல் பக்கத்தில், எண்ணுக்கு மேலே எழுதினேன்.
வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம்.

டீ போடக் கெட்டிலைக் குழாயடியில் பிடித்தேன்.
இரண்டு முறை இருமிவிட்டுக்
குழாய் காற்றை ஊதியது,
தாராளமாக.